ஊர் நாய்க்கு உடையவர் யார்?

(ஒரு பழைய மாணவன்)

கல்லூரி ஆண்டு மலரில் நாயைப் பற்றி எழுதப் புகுவோன் நகைப்புக்கு இடமாவான் என்பதை யான் அறியாமலில்லை. காவியச் சுவையும், நாட்டு நலனும், அறிவியல் ஆக்கமும் பேசப்பெறும் இவ்விதழில், தெருவில் திரியும் ஒரு பிராணிக்கு என்ன இடம் என்று ஆசிரியப் பெருமக்கள் வினவக்கூடும். அதனையும் சிறுவர்க்கென எடுக்கப்பட்ட ஒரு சித்திரப் படத்தைத் துணைக்கொண்டு எழுதுகிறேன் என்றால் நகைப்பு இரட்டிக்கும். ஆயினும், நகைத்த பின்னர் இரண்டொரு பக்கம் படிக்கும் பொறுமையும் நம் கல்லூரி அன்பர்க்கு உண்டு என்னும் துணிவினால் இதனை எழுதலானேன்.

அப்படத்தின் பெயர் 'லேடி அண்டு தி டிராம்ப்' என்பது. 'சீமாட்டியும் நாடோடியும்' என்று நம் மொழியில் அதனைக் கூறலாம். அமெரிக்க நாட்டு வால்ட் டிஸ்னி 1955ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளியிட்டது. சினிமாஸ்கோப் என்னும் அகன்ற திரைக்கென வரையப்பெற்ற முதல் நெடுஞ்சித்திரப் படம் என்னும் சிறப்பும் அதற்கு உண்டு. அக்கதையின் பிறப்பே கருதத்தக்கது. டிஸ்னியிடம் பணிபுரிந்த ஜோ கிராண்டு என்பார், தம் வீட்டு நாயாகிய 'லேடி' என்பதனை வைத்து 1937ஆம் ஆண்டிலேயே ஒரு கதையைத் தொடங்கினார். வீட்டில் குழந்தை பிறந்ததும் நாய் புறக்கணிக்கப்படுவதே அதன் பொருள். அக்கதை நெடுநாள் நிறைவுறாது கிடந்தது. பின்னர் வார்டு கிரீன் என்பார் எழுதிய சிறுகதை ஒன்றில் வரும் தெருநாயை டிஸ்னி கண்டு, அதனைத் தம் கதையுள் கொணர்ந்த பின்னரே படம் உருப்பெற்றது. வீட்டு நாயின் கதை தெரு நாயின்றி நிறைவுறவில்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

கதை இதுவே. செல்வ வீட்டில் வளரும் லேடி கழுத்திலே நீலப் பட்டையும் உரிமத் தகடும் அணிந்தது. வீட்டார் வெளியூர் சென்றிருந்த வேளையில் குழந்தையைக் காக்க வந்த அத்தை அதற்கு வாய்க்கூடு பூட்டக் கருத, அஞ்சி ஓடித் தெருநாய்களிடம் அகப்படுகின்றது. டிராம்ப் என்னும் நாடோடி நாய் அதனை மீட்கின்றது. அன்றிரவு ஓர் இத்தாலிய உணவுக் கடையின் பின்புறத்தில் இரண்டும் ஒரே தட்டில் உண்கின்றன. இடியாப்பம் போன்ற ஒரு மாவிழையை இரு முனையினின்றும் சுவைத்து வந்து, அறியாமலே முகத்தோடு முகம் சேர்கின்றன. இக்காட்சி நகைப்புக்கு இடமாகுமென்று அஞ்சி டிஸ்னி முதலில் அதனை விலக்கிவிடக் கருதினார் என்றும், பிராங்கு தாமஸ் என்னும் ஓவியர் தாமே அதனை வரைந்து காட்டி அவர் மனத்தை மாற்றினார் என்றும் கூறுவர். இன்று அப்படத்தை மறந்தவரும் அக்காட்சியை மறவார்.

உலகம் போற்றுவது அக்காட்சியை. என் நெஞ்சில் நின்றதோ வேறொன்று. டிராம்ப் தன் வாழ்க்கையை லேடிக்கு விளக்கிக் கூறும் இடம் அது. திங்கட்கிழமை ஒரு வீட்டில் அதற்கு உணவு. அங்கே அதன் பெயர் 'ஃப்ரிட்ஸி'. செவ்வாய்க்கிழமை மற்றொரு வீட்டில் உணவு. அங்கே அதன் பெயர் 'மைக்'. நாள்தோறும் ஒரு வீடு. வீடுதோறும் ஒரு பெயர். எவர்க்கும் அடிமையன்று, கழுத்தில் பட்டையில்லை. இதனையே அது தன் பெருமையாகப் பேசுகின்றது. ஆனால் கதையின் முடிவில், குழந்தையின் அறைக்குள் நுழைந்த எலியைக் கொன்று உயிர் காத்த டிராம்பினைக் குழந்தைக்குத் தீங்கிழைக்க வந்ததெனப் பிறழ உணர்ந்து, நாய்பிடி வண்டியில் ஏற்றுகின்றனர். அப்பொழுது ஃப்ரிட்ஸி என்றழைத்த வீட்டார் எங்கே? மைக் என்றழைத்த வீட்டார் எங்கே? ஒருவரும் வரவில்லை. இதற்கு முன் லேடியும் நாய்ப்பட்டியில் அடைபட்டதுண்டு. ஆனால் கழுத்தில் தொங்கிய தகடு அதனை வீடு சேர்த்தது. டிராம்பின் கழுத்திலோ ஒன்றுமில்லை. ஊரெல்லாம் உணவிட்ட நாய்க்கு ஊரில் ஒருவரும் உடையவர் இல்லை.

யான் கூற வந்த கருத்தும் இதுவே. உணவிடுதல் வேறு, உடைமை ஏற்றல் வேறு. முன்னது இரக்கம், பின்னது பொறுப்பு. நம் ஊர்களில் தெருநாயினிடத்து இரக்கத்திற்குக் குறைவில்லை, பொறுப்பேற்பார்தாம் இல்லை. நாயாலும் நாய்க்கும் நேரும் துன்பங்களுட் பெரும்பாலன இவ்விரண்டற்கும் இடையேயுள்ள இடைவெளியிற் பிறப்பன என்பது என் துணிபு.

இதனை யான் நூலிற் படித்து அறிந்தேனல்லேன். என் ஊர் கந்தர்வக்கோட்டை. தஞ்சையினின்று புதுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில், செம்மண்ணும் முந்திரிக் காடும் சூழ அமைந்த சிற்றூர் அது. மூன்றாண்டுக்கு முன் எங்கள் தெருவில் செந்நிறப் பெட்டை நாய் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் அதன் பெயர் செவலை. எதிர்வீட்டில் அதனை ராணி என்பர். தெருமுனைத் தேநீர்க் கடையில் அதற்கு மணி என்று பெயர். காலையில் கடையார் இடும் ரொட்டித் துண்டும், நண்பகலில் எதிர்வீட்டுச் சோறும், இரவில் எங்கள் வீட்டு எச்சிலும் உண்டு அது வாழ்ந்தது. அயலார் எவரேனும் நள்ளிரவில் தெருவில் நுழைந்தால் குரைத்து எழுப்பும். எங்கள் தெருவார் அனைவரும் அதனை மெச்சிப் பேசுவோம்.

அது நான்கு குட்டி ஈன்றது. ஈன்ற நாய் குட்டியைக் காக்கச் சீறும் என்பதை யாவரும் அறிவர். ஒருநாள் மாலை பள்ளியினின்று திரும்பிய சிறுவன் ஒருவன், ஆசையால் ஒரு குட்டியைத் தூக்க, செவலை பாய்ந்து அவன் கணைக்காலைக் கவ்விவிட்டது. குருதி ஒழுகும் காலோடு அவனைத் தூக்கிக்கொண்டு அவன் தாய் தெருவில் நின்று கேட்டாள்: "இது யார் வீட்டு நாய்? ஊசி போட்ட நாய்தானா? யாராவது சொல்லுங்களேன்."

தேநீர்க் கடையார் தலைகவிழ்ந்து குவளை கழுவினார். எதிர்வீட்டார் கதவடைத்தனர். யான் அப்பொழுது அந்நாய்க்கு வைத்த சோற்றுத் தட்டு என் கையிலேயே இருக்க, "தெருநாய் அம்மா, யாருடையதும் இல்லை" என்றேன். கோழி கூவுமுன் தன் ஆசானை அறியேன் என்று மும்முறை மறுதலித்த சீடனது வரலாற்றை நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! கேட்ட காலத்தில் அச்சீடன்மீது எனக்குச் சினமே எழுந்ததுண்டு. அன்று மாலைக்குப் பின் அச்சினம் எனக்கு எழுவதில்லை.

சிறுவன் பிழைத்தான். சோப்பிட்டு ஓடும் நீரில் புண்ணைக் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். குறித்த நாள்தோறும் சென்று நான்கு முறையும் தடுப்பூசி இட்டுக்கொண்டான். செவலையின் கதி அதுவன்று. மறுநாட் காலையில் தெரு இளைஞர் சிலர் அதனைச் சாக்கிற் கட்டிச் சரக்கு வண்டியிலேற்றித் தொலைவிலுள்ள முந்திரிக் காட்டில் விட்டு வந்தனர். அது திரும்பவில்லை. தாயற்ற குட்டிகளுள் இரண்டு பட்டினியால் மாண்டன. ஒன்று தஞ்சைச் சாலையில் லாரிச் சக்கரத்தில் அகப்பட்டது. எஞ்சிய ஒன்றை யான் வீட்டிற்கு எடுத்து வந்தேன். காலங்கடந்து வந்த அறிவு அது.

பின்னர் மருத்துவர் ஒருவர் கூறக் கேட்டபொழுதுதான் எங்கள் பிழையின் முழு அளவும் எனக்கு விளங்கியது. கடித்த நாய் இன்னதென்று தெரிந்து, அதனைக் கட்டிவைத்துப் 10 நாள் காண இயலுமாயின், அந்நாள் கடந்தும் அது நலமாயிருப்பின், கடித்த காலத்தில் அதற்கு வெறிநோய் இருந்ததில்லை எனத் தெளியலாம். ஊசியை உடனே தொடங்கவே வேண்டுமெனினும், தாயின் உள்ளம் பத்தாம் நாளில் ஆறியிருக்கும். நாங்களோ உண்மை உரைக்க வல்ல ஒரே சாட்சியைச் சாக்கிற் கட்டிக் காட்டில் எறிந்துவிட்டு, அத்தாயைப் பல நாள் உறங்காது செய்தோம்.

வெறிநோய் எத்தகையது என்பதை இளைஞர் நன்கு அறிதல் வேண்டும். நோயுற்ற விலங்கின் உமிழ்நீர் வழியே அது மனித உடலிற் புகும். சில வாரமோ சில திங்களோ ஓசையின்றி நரம்பின் வழியே மூளையை நோக்கிச் செல்லும். குறி தோன்றியபின் பிழைத்தார் மிக அரியர். ஆனால் குறி தோன்றுமுன் ஊசியிட்டால் ஏறக்குறைய முற்றிலும் தடுத்துவிடலாம். பாஸ்டர் பெருமகனார் ஜோசப் மைஸ்டர் என்னும் சிறுவனுக்கு 1885ஆம் ஆண்டில் முதன்முதல் இச்சிகிச்சை அளித்தார். நம் தென்னாட்டில் குன்னூரில் 1907ஆம் ஆண்டிலேயே அவர் பெயரால் ஒரு நிலையம் தோன்றியது. மருந்து தோன்றி ஒன்றரை நூற்றாண்டு ஆகவிருக்கும் இக்காலத்தும், உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 மக்கள் இந்நோயால் இறப்பதாக உலக நல நிறுவனத்தார் மதிப்பிட்டுள்ளனர். கடியுண்போருள் நூற்றுக்கு 40 பேர் பதினைந்து வயது நிரம்பாத சிறாராம். இஃது அறிவின் குறையன்று, பொறுப்பின் குறை.

இனி, நம் முன்னோர் நாயை எங்ஙனம் மதித்தனர் என்று சிறிது நோக்குவோம். யானையையும் நாயையும் ஒப்பிட்டு, நாயனையாருடைய நட்பையே நாடுக என்று நாலடியார் கூறும். வேலெறிந்த தலைவனைக் கண்டும் வாலைக் குழைக்கும் அதன் அன்பை அந்நூல் எடுத்துக்காட்டும். பாரதத்தின் இறுதியில் தருமபுத்திரர், தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விடுத்துத் துறக்கம் புக மறுத்தனர் என்பது யாவரும் அறிந்த கதை. அவர் அந்நாய்க்குச் சோறிட்டதாகக் கதை பெரிதும் பேசவில்லை. என்னை அடைந்தது இது, இதற்கு யான் பொறுப்பு என்று தேவர்கோன்முன் நின்றார் என்பதையே பேசுகின்றது. யான் ஒரு தாயின்முன் சொல்ல அஞ்சிய சொல்லை அவர் துறக்கத்தின் வாயிலில் நின்று சொன்னார்.

கதையை விடுத்துக் கல்லைக் காண்போம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவனது 34ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த நடுகல் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டினதாகிய அக்கல்லிலே கருந்தேவக்கத்தி என்னும் வீரனது உருவமும், அவனருகே ஒரு நாயின் உருவமும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்து நின்ற செய்தியைக் கல் கூறுகின்றது. 'கோவிவன்' என்று அதன் பெயரையும் கூறுகின்றது. ஆயிரத்து நானூறு ஆண்டு கடந்தும் அந்நாய்க்குப் பெயருண்டு. அதற்கு உடையான் இன்னான் என்பதும் உண்டு. நாங்கள் மூன்று பெயரிட்டு அழைத்த நாய்க்கோ வேண்டிய வேளையில் ஒரு பெயரும் இல்லாதொழிந்தது.

சீமாட்டியும் நாடோடியும் கொண்ட காதலை நோக்கும்பொழுது தமிழர் அகத்திணை மரபு என் நினைவுக்கு வருகின்றது. நம் புலவர் களவைப் பழித்தாரல்லர். ஆயினும் அதனைக் களவாகவே விட்டாருமல்லர். அது கற்பாக முதிர்தல் வேண்டுமென்றனர். தோழி தலைவனை நெருக்கி வரைவு கடாவுவது இதன் பொருட்டே. பொய்யும் பிழையும் உலகில் தோன்றிய பின்னரே சான்றோர் மணச்சடங்கினை வகுத்தனர் என்று தொல்காப்பியரும் கூறுகின்றார். மறைவிற் கொண்ட அன்பைப் பலரறிய 'என்னுடையது' என்று ஏற்றல்தான் வரைவு. டிஸ்னியின் நாடோடியும் களவிலே மகிழ்ந்து கழுத்துப்பட்டையை இகழ்ந்தது. முடிவில் பட்டையும் தகடும் அணிந்து, குட்டிகள் சூழ, வீட்டின் நடுவே அமர்கின்றது. அப்பட்டையை அடிமையின் அடையாளம் என்று சிலர் கூறுவர். யான் உடன்படேன். அது நாயைப் பிணிப்பதினும் மிகுதியாக மனிதனைப் பிணிப்பது. நாய் இழைத்த தீங்கிற்கும் நாய்க்கு நேர்ந்த தீங்கிற்கும் விடை கூறக் கடமைப்பட்டவன் ஒருவன் உளன் என்பதே அதன் பொருள். தெருநாயிடத்து நாம் கொண்ட அன்பு இன்றும் களவாகவே உள்ளது. அதனை வரைவு கடாவும் தோழியாக இக்கட்டுரையைக் கொள்க.

இது நிற்க. அப்படத்தில் யான் காணும் குறை ஒன்றையும் மறைத்தல் தகாது. நாய்ப்பட்டியில் லேடியோடு அடைபட்டிருந்த நாய்கள் பல. அவற்றுள் ஒன்று மீளா வாயில் வழியே நடந்து செல்வதையும் படம் காட்டுகின்றது. முடிவில் டிராம்ப் ஒன்றே பிழைத்தது. மற்றவை என்னாயின என்று படம் சொல்லாது. டிராம்ப் பிழைத்ததும் ஓர் எலி இறந்து கிடந்து சான்று பகர்ந்தமையால் அன்றோ? நற்பேற்றால் ஒரு நாய் வீடு பெறுவது கதைக்குப் போதும், ஊருக்குப் போதாது. 2019ஆம் ஆண்டில் அப்படத்தை உயிருள்ள நாய்களைக்கொண்டு மீண்டும் எடுத்தபோது, டிராம்பாக நடித்த மாண்டி என்னும் நாயை விலங்குக் காப்பகத்தினின்றே தேர்ந்தனர். அதற்குப் பின்னர் வீடும் கிடைத்தது. மகிழத்தக்க செய்தியே. ஆயினும் காப்பகந்தோறும் எஞ்சிய நாய்கள் எத்தனை!

நம் நாட்டில் இவ்வினா அண்மையில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025 ஆகஸ்டு 11ஆம் நாள், தலைநகர்த் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்குமாறு ஆணை பிறந்தது. ஆகஸ்டு 22ஆம் நாள் அது திருத்தப்பட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடுக. வெறிநோயுற்றனவும் கொடுங்குணத்தனவும் விலக்கு. உணவிடுதற்குத் தனியிடம் குறிக்க என்பது திருத்தம். நவம்பர் 7ஆம் நாள் பிறந்த மற்றோர் ஆணை, கல்வி நிலையம், மருத்துவமனை, பேருந்து நிலையம், இருப்புப்பாதை நிலையம், விளையாட்டரங்கம் ஆகிய இடங்களினின்று நாய்களை அகற்றுமாறும், மீண்டும் அங்கே விடலாகாதென்றும் கூறியது. அந்நாள்களில் நாட்டில் இரு படை எழுந்தது. ஒரு சாரார் நாயின் பக்கம். மற்றொரு சாரார் குழந்தையின் பக்கம். எங்கள் தெருவில் குட்டிகளும் மாண்டு, குழந்தையும் கடியுண்டதைக் கண்ட யான் இவ்விரு படையிலும் சேரக்கூடவில்லை. உடையவர் இன்மையால் இருவரும் ஒருங்கே துன்புற்றனர்.

"நாய்களைக் கொன்றொழித்தால் வழக்குத் தீருமே" என்பார் உளர். சென்னை மாநகராட்சியார் பன்னெடுங்காலம் அதனையே செய்தனர். தெருநாய் குறைந்தபாடில்லை. ஒரு நாய் நீங்கிய இடத்தில் எச்சில் இருக்கும்வரை மற்றொரு நாய் வந்து சேரும். அது ஊசி காணாத புது நாயாகவும் இருக்கும். ஆதலின் 1996ஆம் ஆண்டில் அந்நகர் கொலையை விடுத்துக் கருத்தடையை மேற்கொண்டது. நாடு முழுமைக்குமான விதிகள் 2001இல் தோன்றி, 2023இல் புதுக்கப்பெற்றன. ஓர் ஊரின் நாய்களுள் நூற்றுக்கு எழுபதற்குத் தடுப்பூசி இட்டால் அவ்வூரில் வெறிநோயின் தொடர் அறுபடும் என்பர் அறிஞர். கோவா மாநிலத்தார் பல ஆண்டு இடைவிடாது இதனைச் செய்து, 2021ஆம் ஆண்டில் வெறிநோய் கட்டுப்பட்ட பகுதியென அறிவிக்கப்பெற்றனர். அவர்க்கு இயன்றது நமக்கு இயலாதோ?

"ஏழை மக்கள் நிறைந்த நாட்டில் நாய்க்குச் செலவு செய்தல் தகுமோ?" என்பது மற்றொரு தடை. வினவுவார் நல்லுள்ளத்தினரே. ஆயினும் சிந்தித்துப் பார்க்க. காரிற் செல்லும் செல்வன் மகனை நாய் கடிப்பது அரிது. வெறுங்காலோடு பள்ளிக்கு நடக்கும் ஏழை மகனையே அது கடிக்கும். மருத்துவமனைக்கு நான்கு முறை செல்வதற்குக் கூலி நாள் நான்கினை இழப்பவளும் அவன் தாயே. நாய்க்கு இடும் ஊசி நாய்க்குச் செய்யும் உதவியன்று. அச்சிறுவனுக்குச் செய்யும் உதவி.

மூன்றாவது தடை என் போன்றாரிடமிருந்தே வருவது. "வாயில்லாச் சீவனுக்குச் சோறிடுகிறேன், அதுவே எனக்குப் போதும்" என்பர். இதுவே யான் நெடுநாள் கொண்டிருந்த கொள்கை. சோறிட்ட நாய் நம் தெருவில் நிலைகொள்ளும். ஏறக்குறைய 63 நாளிற் குட்டி ஈனும். ஆண்டில் இருமுறையும் ஈனவல்லது. அங்ஙனம் நிலைகொள்ளச் செய்தபின் அதன் செயலுக்கு யான் பொறுப்பல்லேன் என்பது அறமாகாது. பாதி அன்பு சில வேளை அன்பின்மையினும் கொடிது. அன்பில்லாதவன் நாயை அருகே சேர்ப்பதில்லை. பாதி அன்புடையவன் சேர்த்துக்கொண்டு, இடர் வந்த நாளில் கைவிடுகிறான்.

மற்றும் ஒரு வகைக் கைவிடலும் இக்காலத்திற் பெருகி வருகின்றது. பனி நிலத்திற் பிறந்து தடித்த மயிர் போர்த்த அயல்நாட்டு நாயைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கி, நம் செம்மண் வெயிலில் வாட்டி, நோயுற்றதும் இரவோடிரவாகச் சாலையில் இறக்கி விடுவாரும் உளர். இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என நம் நாட்டிற்கே உரிய நல்லின நாய்கள் இருக்கின்றன; இராசபாளையத்து நாயின் உருவை 2005ஆம் ஆண்டில் நம் அரசு அஞ்சல் தலையிலும் பொறித்தது. அவற்றினும் எளிதிற் கிடைப்பது, காசின்றியே கிடைப்பது, நம் தெருவிற் பிறக்கும் குட்டி. நம் வெயிலும் நம் சோறும் அதற்குப் பழகியவை. அதற்கு இல்லாதது ஒன்றே: வாயில் திறந்து ஏற்பார்.

எனவே யான் வேண்டுவன சில. தெருவிற்கு ஒருவர் முன்வந்து, அத்தெருவின் நாய்கள் எத்தனை, அவற்றின் நிறம் என்ன, ஊசி இட்ட நாள் எது, எந்நாய்க்கு எவ்வீட்டார் பொறுப்பு என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் உதவியால் ஆண்டுக்கொருமுறை தடுப்பூசியும், உரிய அமைப்பினர் வழியே கருத்தடையும் செய்வித்தல் வேண்டும். ஒவ்வொரு நாயின் கழுத்திலும் தெருவின் பெயர் பொறித்த பட்டை ஒன்று இருத்தல் வேண்டும். குட்டிகளுக்கு இல்லம் தேடுதல் வேண்டும். சிறுவர்க்கு, ஈன்ற நாயை அணுகலாகாது என்பதும், கடித்தால் 15 நிமிடம் சோப்பிட்டுக் கழுவி உடனே மருத்துவமனை செல்லவேண்டும் என்பதும் கற்பித்தல் வேண்டும். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர், விடுமுறை முகாமில் இவற்றைக் கந்தர்வக்கோட்டை போன்ற சிற்றூர்களில் தொடங்குவாராயின், மரக்கன்று நடுவதற்குச் சிறிதும் குறையாத தொண்டாகும்.

மாணவ நண்பர்காள்! பெரும் பொருளோ பேரறிவோ இதற்கு வேண்டுவதில்லை. 'இது என்னுடையது, இதற்கு யான் விடை கூறுவேன்' என்று பலர்முன் சொல்லும் துணிவு ஒன்றே வேண்டும். அச்சொல்லைச் சொல்லாது விட்டால் என்ன நேரும் என்பதை யான் கண்டேன்.

செவலையின் குட்டி இன்று வளர்ந்து என் காலடியிற் படுத்திருக்கின்றது. அதன் கழுத்தில் பட்டையும், பட்டையில் என் பெயரும் உண்டு. கடியுண்ட அச்சிறுவன் இன்றும் எங்கள் தெரு வழியேதான் பள்ளிக்குச் செல்கிறான். முதலில் அஞ்சி விலகி நடந்தவன் இப்பொழுது சிறிது நின்று நோக்குகிறான். இது யார் வீட்டு நாய் என்று அவன் தாய் கேட்டால், இம்முறை விடை சொல்ல யான் வாயிலிலேயே நிற்கிறேன்.